கலப்பெண் முதல் பாடம்: ஓர் இடத்தில் யோசனை வேண்டும்

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கலப்பெண்களை (√−1 கலந்த எண்களை) இருபடிச் சமன்பாட்டிலிருந்து தொடங்கினால் எடுபடுவதில்லை. "மெய்த்தீர்வு இல்லை" என்று முன்பே படித்தாயிற்று, அதற்கு மேல் எதற்கு என்று பிள்ளைகள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. முப்படிச் சமன்பாட்டிலிருந்து தொடங்குவதுதான் சரி.

ஓர் எண்ணின் கனம், அதன் 15 மடங்குடன் 4 கூட்டியதற்குச் சமம். விடை 4 என்று பார்த்தாலே தெரியும்: 64 = 60 + 4. முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் கார்டானோ சூத்திரத்தில் போட்டால் வருவதோ ∛(2+√−121) + ∛(2−√−121). 1572-இல் வெளியான நூலில் இத்தாலியக் கணித அறிஞர் பொம்பெல்லி இந்த முடிச்சை அவிழ்த்தார். (2+√−1)³ = 8 + 12√−1 − 6 − √−1 = 2 + 11√−1. √−121 என்பது 11√−1 தானே! ஆக, கனமூலங்கள் 2+√−1, 2−√−1; இரண்டையும் கூட்டினால் √−1 அடிபட்டு 4 நிற்கும். எளிதாக வேண்டுமென்றால் "ஓர் எண்ணின் கனம், அதன் 6 மடங்கு கழித்தல் 4" என்பதை எடுக்கலாம்; (1+√−1)³ = −2 + 2√−1, விடை 2.

√−4 × √−9 = √36 = 6 என்ற தவறும் இங்கேயே தலைகாட்டும். முதலில் 2√−1, 3√−1 என்று பிரித்தெழுத வைத்தால் −6 சரியாக வரும்.

சிக்கல் இதுதான்: முதல் சமன்பாட்டின் மற்ற இரு மூலங்கள் (தீர்வுகள்) −2±√3 ஏன் சூத்திரத்தில் வரவில்லை என்று கேட்கிறார்கள். கலப்பெண்களில் ஓர் எண்ணுக்குக் கனமூலம் மூன்று உண்டு, நாம் ஒன்றைத்தான் எடுத்தோம் என்பது காரணம். ஆனால் ஒன்றின் முப்படி மூலங்கள் (கனம் 1 ஆகும் மூன்று எண்கள்) பாடத்தில் பின்னால்தான் வருகின்றன. துருவ வடிவம் (கலப்பெண்ணை நீளமும் கோணமுமாக எழுதும் முறை) இல்லாமல், 45 நிமிட வகுப்புக்குள் இதை எப்படி விளக்குகிறீர்கள்? கரும்பலகையில் எழுதும் வரிசையோடு சொன்னால் உதவியாக இருக்கும்.