கோத்தகிரிக்குப் பழைய காமிக்ஸ் இரவல் கிடைக்குமா?

நண்பர்களே, கோத்தகிரியில் எங்கள் ஊர் நூலகத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு சிறு கண்காட்சி வைக்கிறோம். பொருள்: காமிக்ஸ் பைத்தியமாக இருந்த பெரிய எழுத்தாளர்கள். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரி சிறுவயதில் செய்தித்தாளில் வந்த பக் ராஜர்ஸ் படக்கதைகளைச் சேர்த்துவைத்தவர்; 1970இல் சான் டியாகோவின் முதல் காமிக்ஸ் மாநாட்டுக்கும் வந்தார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பள்ளி மாணவராக எழுதிய வாசகர் கடிதம் 1963இல் மார்வெல் நிறுவனத்தின் காமிக்ஸ் இதழில் அச்சானது. காமிக்ஸ் படித்துத் திட்டு வாங்கும் பிள்ளைகள் இதை அவசியம் அறிய வேண்டும்!

தமிழ்ப் பக்கம்தான் காலியாக இருக்கிறது. முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ப் படக்கதை இதழ் 1972இல் சிவகாசியில் தொடங்கியது. அதைப் படித்து வளர்ந்ததாக எழுதியிருக்கும் தமிழ் எழுத்தாளர்கள் யார், எந்தக் கட்டுரையில்? பழைய இதழ்களை இரவல் தர முடியுமா? ஊட்டி, குன்னூர் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே சாரலுக்குத் தாள் பூசணம் பிடித்துவிடும் என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.