டாவின்சி ரிசால்வ்: வெட்டிய துண்டுகளைத் தலைப்புவாரியாகப் பிரிப்பது எப்படி?

கண்மாய்க்கரை:
வணக்கம். அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யும் பெரியவர் ஒருவரின் பேட்டியை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். ஒன்றேகால் மணி நேரம், ஒரே கோப்பு. வீடியோ எடிட் செய்யும் மென்பொருள் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பு, விண்டோஸ். டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) போட்டு, கன்ட்ரோல் + பி கொண்டு வெட்டி, வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டேன். மிச்சம் ஐம்பது அறுபது துண்டுகள் இருக்கும்.

பெரியவர் வரிசையாகப் பேசுகிற ஆள் இல்லை. மண் எடுப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சூளைக்குப் போய்விடுவார், அங்கிருந்து புரவியெடுப்பு (மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துப்போகும் விழா), மறுபடியும் மண். எனக்கு மண், சூளை, புரவியெடுப்பு, குடும்பம் என்று நான்காகப் பிரிக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். எல்லாத் துண்டுக்கும் கேமரா கொடுத்த ஒரே பெயர். மீடியா பூலில் (மூலக் கிளிப்புகள் இருக்கும் பகுதி) போய்ப் பார்த்தால் ஒரே ஒரு கிளிப்தான் இருக்கிறது. சரி, அடையாளமாவது வைப்போம் என்று சூளைத் துண்டு ஒன்றில் ஜி கீயை அழுத்திக் கொடி வைத்தேன். டைம்லைனில் இருக்கும் அத்தனை துண்டிலும் கொடி ஏறிவிட்டது! இது மென்பொருளில் இருக்கும் பிழையா (பக்), இல்லை நான்தான் எதையாவது மாற்றி வைத்திருக்கிறேனா?

நாலாவது டிராக்:
பக் இல்லை தம்பி. கொடி மூலக் கிளிப்புக்குச் சொந்தம். உங்களுடைய எல்லாத் துண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, அதனால் ஒன்றில் வைத்தால் எல்லாவற்றிலும் தெரியும். பிளேடால் வெட்டும்போது புதுக் கோப்போ புதுக் கிளிப்போ உண்டாவதில்லை. இந்த ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேம் வரை காட்டு என்ற குறிப்பு மட்டும்தான் டைம்லைனில் இருக்கிறது. மீடியா பூலில் ஒன்றே ஒன்று தெரிவதும் அதனால்தான்.

உங்களுக்குத் தேவை கிளிப் கலர். துண்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும், மொத்தம் 16 நிறங்கள். இது அந்தத் துண்டோடு நின்றுவிடும். மண்ணுக்குச் சாக்லேட், சூளைக்கு ஆரஞ்சு, புரவியெடுப்புக்குப் பச்சை என்று வைத்துக்கொண்டு பேட்டியை ஒரு முறை முழுதாக ஓட்டி நிறம் அடித்துவிடுங்கள்.

அப்புறம் டைம்லைன் மெனுவில் கிளிப் கலர் வாரியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, 'சூளை' என்று புது டைம்லைன் திறந்து ஒட்டுங்கள். மூன்றாவது நிமிடத்துத் துண்டும் நாற்பதாவது நிமிடத்துத் துண்டும் பழைய இடைவெளியோடுதான் வந்து விழும், பயப்பட வேண்டாம். கன்ட்ரோல் + ஏ அடித்து, எடிட் மெனுவில் டிலீட் கேப்ஸ் கொடுத்தால் எல்லாம் நெருங்கி வந்துவிடும். நான்கு தலைப்புக்கும் இப்படியே. முதல் டைம்லைனைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள்.

ரீல்பெட்டி:
நான் இதில் வேறு கட்சி. சப்கிளிப் (மூலக் கிளிப்பின் ஒரு பகுதியைத் தனிக் கிளிப்பாகக் காட்டுவது) ஆக்கினால்தான் மீடியா பூலில் பெயரோடு உட்காரும், தேடினால் கிடைக்கும். துண்டின் மேல் பிளேஹெட்டை (ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) வைத்து எஃப் அழுத்துங்கள், அதே ஃபிரேம் சோர்ஸ் வியூவரில் திறக்கும். ஐ, ஓ கீகளால் தொடக்கமும் முடிவும் குறித்து, ஆல்ட் + பி. "சூளை - விறகு அடுக்குவது" என்று பெயர் கொடுத்து அதற்கான பின்னில் (மீடியா பூலில் இருக்கும் ஃபோல்டர்) போட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்கில் இடமும் பிடிக்காது, இதுவும் வெறும் குறிப்புதான்.

நாலாவது டிராக்:
ரீல்பெட்டி அண்ணன் சொல்வது பல நாள் ஷூட்டிங், பல கேமரா என்று வரும்போது சரி. ஒரே பேட்டிக்கு ஐம்பது தடவை எஃப், ஐ, ஓ அடித்து, ஐம்பது பெயர் வைத்து... அதற்குள் பேட்டியே மனப்பாடம் ஆகிவிடும். தவிர, சப்கிளிப்பின் ஓரத்தை இழுத்தால் அதன் எல்லையோடு நின்றுவிடும். பெரியவர் "ம்..." என்று யோசித்துவிட்டு ஆரம்பிக்கிற அந்த மூச்சு வேண்டுமென்று பின்னால் தோன்றினால் எட்டாது. டைம்லைனிலிருந்து காப்பி செய்த துண்டு இரண்டு பக்கமும் நீளும்.

ரீல்பெட்டி:
அதற்கும் வழி இருக்கிறது. சப்கிளிப்பில் ரைட் கிளிக், எடிட் சப்கிளிப், அதில் யூஸ் ஃபுல் எக்ஸ்டென்ட்ஸ் டிக் செய்தால் முழு நீளமும் கிடைக்கும். ஆனால் ஒற்றைப் பேட்டிக்கு உங்கள் வழி வேகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தம்பி, யார் சொன்னாலும் காம்பவுண்ட் கிளிப் (பல துண்டுகளை ஒரே கிளிப்பாகக் கட்டுவது) பக்கம் மட்டும் இதற்காகப் போகாதீர்கள். உள்ளே வைத்த நீளம்தான், வெளியிலிருந்து இழுத்தால் வராது.

கண்மாய்க்கரை:
இருவருக்கும் நன்றி அண்ணா. கலர் வழியில் சூளையை முடித்துவிட்டேன். ஆனால் ஒட்டிய பிறகு கேமரா ஒலிதான் வருகிறது. ரெக்கார்டரில் தனியாக எடுத்த ஒலியை இரண்டாவது ஆடியோ டிராக்கில் வைத்து, படத்தோடு சேர்த்துத்தான் வெட்டியிருந்தேன். அது புது டைம்லைனுக்கு வரவே இல்லை. இன்னொன்று, மண்ணும் குடும்பமும் கலந்து வருகிற துண்டுகளுக்கு எந்த நிறம்?

மைக்செட்:
ரெக்கார்டர் ஒலி படத்தோடு லிங்க் ஆகாமல் இருக்கிறது. நீங்கள் நிறம் அடித்தது படத்துக்கும் அதோடு பிறந்த கேமரா ஒலிக்கும் மட்டும். ரெக்கார்டர் துண்டு பழைய நிறத்திலேயே கிடப்பதால் தேர்வில் சிக்கவில்லை. முதல் டைம்லைனுக்குப் போய், படத்தையும் ரெக்கார்டர் ஒலியையும் சேர்த்து வளைத்துத் தேர்ந்தெடுத்து, இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். அப்படியே கன்ட்ரோல் + ஆல்ட் + எல் அழுத்தி லிங்க் செய்தால் இனி நகர்த்தும்போதும் பிரியாது.

அடுத்த பேட்டிக்கு, வெட்டும் முன்பே மீடியா பூலில் இரண்டையும் தேர்ந்தெடுத்து அலைவடிவத்தை வைத்து ஆட்டோ சிங்க் கொடுத்துவிடுங்கள். கேமராவில் சுமாரான ஒலியாவது பதிவாகியிருந்தால் போதும், அதுவே பொருத்திக்கொள்ளும்.

நாலாவது டிராக்:
கலந்து வரும் துண்டுக்கு ஐந்தாவதாக ஒரு நிறம் கொடுங்கள், ஒரு துண்டுக்கு ஒரு நிறம்தான் ஏற்கும். அதை மண் டைம்லைனிலும் ஒட்டுங்கள், குடும்பம் டைம்லைனிலும் ஒட்டுங்கள். கடைசிக் கோர்வையில் எது முதலில் இடம் பிடிக்கிறதோ அங்கே வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

கோர்க்கும்போது டைம்லைன் வியூ ஆப்ஷனில் ஸ்டேக்டு டைம்லைன்ஸை இயக்குங்கள். மேலே 'சூளை', கீழே இறுதி டைம்லைன். மேலிருந்து பிடித்து இழுத்துக் கீழே போட வேண்டியதுதான்.

கண்மாய்க்கரை:
ரெக்கார்டர் ஒலி வந்துவிட்டது. முதலில் வைத்த அந்தக் கொடிகளை எப்படி எடுப்பது?

மைக்செட்:
ஏதாவது ஒரு துண்டில் ரைட் கிளிக், ஃபிளாக்ஸ், கிளியர் ஆல். எல்லாவற்றிலும் சேர்ந்தே போய்விடும்.