கால் எரிச்சல்னாலே சுகர்தானா? வைட்டமின் பி12 குறைஞ்சு அவஸ்தைப்பட்டவங்க இருந்தா சொல்லுங்க

அம்மாவுக்கு சுகர் வந்து பதினோரு வருசம், மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை காலைல 1000 ராத்திரி 1000. போன ஆடில இருந்து உள்ளங்கால் எரியுதுன்னு ஆரம்பிச்சாங்க, படுத்தா போதும் மொளகா அரைச்சு தடவுன மாதிரி இருக்காம், எந்திரிச்சு போய் பாத்ரூம் ஈரத்தரைல நின்னுக்கிட்டு இருப்பாங்க. மருதாணி வெச்சோம், கத்தாழை தடவினோம், யார கேட்டாலும் "சுகருக்கு அப்படித்தான் இருக்கும்"னு ஒரே பதில். சுகரோ கன்ட்ரோல்லதான் இருந்துச்சு, மூணு மாச ஆவரேஜ் 6.8. ஒருநாள் கோயிலுக்கு போயிட்டு ஒத்தக் கால் செருப்போட வந்து நிக்கிறாங்க, இன்னொன்னு எங்க கழண்டுச்சுன்னே தெரியல. அப்புறம் கவனிச்சா, மூஞ்சிக்கு சோப்பு போட்டு கண்ண மூடுறப்ப ஆள் அப்படியே சாயுறாங்க, குழாய இறுக்கி பிடிச்சுக்கிறாங்க.

நரம்பு டாக்டர்கிட்ட இந்த சோப்பு விசயத்த சொன்னதும்தான் அவர் எழுதுறத நிறுத்திட்டு நிமிர்ந்தார். கவட்டை மாதிரி ஒரு இரும்ப தட்டி கால் பெருவிரல்ல வெச்சு அதிர்வு தெரியுதான்னு கேட்டார். அம்மா "எப்ப வெப்பீங்க"ன்னு கேக்குறாங்க, அவர் வெச்சு எடுத்தே முடிஞ்சிருச்சு.

பி12 112 தான் இருந்துச்சு, 200க்கு மேல இருக்கணுமாம். மெட்ஃபார்மின் வருசக்கணக்குல போட்டா குடல்ல பி12 சரியா சேராது, அப்பா போனதுல இருந்து அம்மா கறி மீன் முட்டை தொடுறதில்ல, போதாததுக்கு தினம் வெறும் வயித்துல கேஸ் மாத்திரை, அது வயித்து அமிலத்த குறைக்கறதால சாப்பாட்டுல இருக்கற கொஞ்ச பி12உம் பிரிஞ்சு வராது. ஈரல்ல இருக்கற சேமிப்பு சில வருசம் தாங்கும்ங்கறதால இவ்ளோ நாள் வெளிய தெரியல. நரம்பு மேல ஒரு உறை இருக்கு, கரண்ட் ஒயர் மேல ரப்பர் மாதிரி, பி12 இல்லாட்டி அது உரிஞ்சுடுதாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, அப்புறம் வாரம் ஒண்ணு, இப்ப மாசம் ஒண்ணு. எரிச்சல் மூணாவது மாசம் அடங்குச்சு, விரல் நுனில மதமதப்பு இன்னும் இருக்கு. பதினோரு வருசத்துல ஒருத்தர்கூட இந்த ஒரு டெஸ்ட எழுதலையேன்னு நினைச்சா ஆத்திரமா வருது.

* * *

எனக்கு சுகரே இல்லங்க, வயசு 34, பொறந்ததுல இருந்து சைவம். ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரையும் ஃபோலிக் ஆசிடும் மட்டும் குடுத்தாங்க, ஹீமோகுளோபின் 9ல இருந்து 11.5க்கு ஏறுச்சு, எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் கை சுருசுருன்னுச்சு, கோலம் போட குனிஞ்சா கழுத்துல இருந்து முதுகு வழியா ஷாக் அடிச்ச மாதிரி இறங்கும். பி12 இல்லாம ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டா ரத்தம் தேறிடும், நரம்பு பாட்டுக்கு உள்ள கெட்டுக்கிட்டே இருக்கும், ரிப்போர்ட் நல்லாருக்கேன்னு யாரும் தேட மாட்டாங்க. நானும் எட்டு மாசம் தேடல.

* * *

இதெல்லாம் படிச்சுட்டு நேரா மெடிக்கலுக்கு ஓடாதீங்க. நான் ஓடினேன். "நரம்பு மாத்திரை குடுங்க"ன்னு கேட்டு ஒண்ணு, சொந்தக்காரர் சொன்னார்னு இன்னொன்னு, ரெண்டுலயும் பி6 இருந்தத பாக்கவே இல்ல, ஒன்றரை வருசம். கால் மரத்துப் போக ஆரம்பிச்சதும் இன்னும் பத்தலைனு நினைச்சு டோஸ கூட்டினேன் பாருங்க, அதான் கூத்து. பி6 அளவுக்கு மீறினாலும் நரம்ப கெடுக்கும். அட்டைய திருப்பி பைரிடாக்ஸின், அதான் பி6, எத்தன மில்லிகிராம்னு படிச்சு பாருங்க.

* * *

மலேசியா கிள்ளான்ல இருந்து எழுதுறேன். எங்க மாமாவுக்கு குறைஞ்சது பி1, தண்ணி பழக்கம், சாப்பாடு கிடையாது, கால்ல போர்வை பட்டாலே கத்துவார். டாக்டர் பெரிபெரி, அதாவது பி1 இல்லாம வர்ற நோய்னதும் அந்தக் காலத்து நோயாச்சேன்னு தேடி படிச்சேன். 1905ல கோலாலம்பூர் மனநல விடுதில ஃப்ளெட்சர்னு ஒரு டாக்டர் பாதி பேருக்கு தீட்டின பச்சரிசி, பாதி பேருக்கு புழுங்கலரிசி குடுத்து பாத்திருக்கார், பெரிபெரி வந்ததெல்லாம் பச்சரிசி பக்கம்தான். நெல்ல அவிக்கறப்ப தவிட்டுல இருக்கற பி1 அரிசிக்குள்ள இறங்கிடுமாம். தோட்டத்துல இருந்த நம்மாளுங்க புழுங்கல் சோறு தின்னே தப்பிச்சிருக்காங்க. மாமா சோறே தின்னல, என்ன பண்றது.

* * *

அம்மாவ பத்தி எழுதினவன்தான். உள்பெட்டில நிறைய பேர் எந்த ஊசின்னு கேக்குறீங்க, பேர் சொல்ல மாட்டேன். மெட்ஃபார்மினயும் நீங்களா நிறுத்தாதீங்க, அம்மாவுக்கு அது இன்னும் ஓடுது. முதல்ல ரத்தத்த குடுங்க, அப்புறம் ஊசி, ஏன்னா ஊசி போட்டுட்டு டெஸ்ட் எடுத்தா நம்பர் எகிறி நிக்கும், அத பாத்துட்டு உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அனுப்பிடுவாங்க. என் சித்திக்கு அப்படித்தான் ஆச்சு.