முதல் இரவுப் பயணம்: புறப்படும் முன் குழுவிடம் என்ன சொல்ல வேண்டும்?

புதுச்சுக்கான்:
வணக்கம். ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) சான்றிதழ் வாங்கிய பிறகு முதல்முறையாக என் பொறுப்பில் 36 அடிப் பாய்மரப் படகில் இரவுப் பயணம் போகிறேன். என்னோடு நான்கு பேர். ஒருவருக்கு ஓரளவு படகு தெரியும், என் தங்கை இரண்டு முறை வந்திருக்கிறாள், மற்ற இருவர் பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. லைஃப் ஜாக்கெட், லைஃப் ராஃப்ட் (அவசர மிதவை), ஃபிளேர் (அபாய வெளிச்சக் குச்சி), ரேடியோ எல்லாம் இருக்கின்றன, தேதியும் பார்த்துவிட்டேன். என் கவலை வேறு. இவர்களிடம் எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது? நீளமாகப் பேசினால் பாதி மனதில் நிற்காது, விபத்தைப் பற்றியே பேசினால் பயந்துவிடுவார்கள்.

அணியம்:
நடுராத்திரியில் தண்ணீரில் விழுவது நீங்களாகவே இருந்தால் படகில் யார் என்ன செய்வார்கள்? அதிலிருந்து ஆரம்பியுங்கள். முன்தளத்துக்குப் போய் சிக்கலை அவிழ்ப்பது பெரும்பாலும் ஸ்கிப்பர்தான், அதனால் விழ வாய்ப்பு அதிகம் உள்ளவரும் அவர்தான். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் சுமார் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும், அலைக்கு நடுவே ஒரு தலை அதற்குள் மறைந்துவிடும். அதனால் குறைந்தது இரண்டு பேருக்குப் படகை நிறுத்தத் தெரிய வேண்டும். முன்பாய்க் கயிற்றைத் தொடாமல், படகின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி மறுபக்கம் கொண்டுபோனால் முன்பாய் எதிர்ப்பக்கத்தில் காற்றைப் பிடித்துப் படகு கிட்டத்தட்ட நின்றுவிடும். இதை வாயால் சொல்லாதீர்கள், கரையை விட்ட அரை மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு தடவை செய்யவிடுங்கள். ஒருவர் விழுந்தவரைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது, வேறு வேலை எதுவும் அவருக்குக் கிடையாது. ஜிபிஎஸ்ஸில் ஆள் விழுந்த இடத்தைக் குறித்துவைக்கும் எம்ஓபி பொத்தான் எங்கே என்று எல்லோரும் விரல் வைத்துப் பார்க்கட்டும். அப்புறம், எஞ்சினைப் போடுவதற்கு முன் எந்தக் கயிறாவது தண்ணீரில் தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டால் எஞ்சினும் போச்சு.

நடுக்கடல்:
தேதி பார்த்தேன் என்கிறீர்கள், ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? போன பருவத்தில் என் ஜாக்கெட்டையே பிரித்தேன். வெளியே புத்தம் புதிது மாதிரி இருந்தது, உள்ளே கேஸ் சிலிண்டர் அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்து கையோடு ஆடியது. அப்படி இருந்தால் ஜாக்கெட்டை ஊதவைக்கும் ஊசி சிலிண்டரைக் குத்தாமலே போகலாம். அதை நான் ஒரு வருஷமாக மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வொருவரும் தன் சிலிண்டரைத் தானே கையால் இறுக்கிப் பார்க்கட்டும், கால் இடுக்கு வாரையும் மாட்டிக்கொள்ளட்டும், அது இல்லையென்றால் ஜாக்கெட் தலைக்கு மேல் ஏறிவிடும், மூக்கு தண்ணீருக்குள் போகும்.

டெதர் (ஆளைப் படகோடு பிணைக்கும் வார்) கொக்கியைப் பற்றியும் ஒன்று. 2017-இல் கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டியில் ஒரு மாலுமியின் டெதர் கொக்கி, தளத்தில் கயிறு கட்ட இருந்த கிளீட்டுக்கு அடியில் மாட்டி, பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து திறந்துவிட்டது. கட்டியிருந்தும் அவர் கடலில் விழுந்து இறந்தார். அதனால் டெதரை மாட்டத் தளத்தின் நீளத்துக்குக் கட்டும் ஜாக்ஸ்டே கயிறு கிளீட்டை ஒட்டி ஓடாதபடி கட்டுங்கள். இருட்டிய பிறகு, உள்ளேயிருந்து காக்பிட்டுக்கு (சுக்கான் பிடிக்கும் திறந்த இடம்) ஏறும் படியில் நிற்கும்போதே கொக்கி மாட்டியாக வேண்டும்.

ஈரக்கயிறு:
விழுந்தவரைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், மேலே தூக்குவது? நங்கூரத்தில் நின்றபோது என் தம்பி வேண்டுமென்றே குதித்தான். கடல் அமைதி, பகல், அவன் திடகாத்திரமானவன், அப்படியிருந்தும் நாங்கள் இரண்டு பேர் கையால் இழுத்து முழங்கால் உயரம்கூடத் தூக்க முடியவில்லை. பாயை ஏற்றும் கயிறான ஹேலியார்டை அவன் ஜாக்கெட் வளையத்தில் மாட்டி, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றிய பிறகுதான் மேலே வந்தான். உங்கள் படகில் எந்த ஹேலியார்ட், எந்த வின்ச் என்று இப்போதே முடிவு செய்து டேப் ஒட்டி வையுங்கள். குளிர்ந்த நீரில் ரொம்ப நேரம் கிடந்தவரை முடிந்தவரை படுத்த வாக்கில் தூக்க வேண்டும், நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் திடீரென விழும்.

லைஃப் ராஃப்டை விளக்கும்போது, படகு உண்மையிலேயே மூழ்கும்வரை அதில் ஏறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டிப் புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். கைவிடப்பட்ட 24 படகுகளில் மூழ்கியவை 5 மட்டுமே.

புதுச்சுக்கான்:
மூவருக்கும் ரொம்ப நன்றி. சிலிண்டர் நான்கு சரி, ஒன்று தளர்வு. அது தங்கையின் ஜாக்கெட். சமையல் கேஸ், கழிப்பறை இதெல்லாம் எப்போது சொல்வது?

அணியம்:
அதைக் கட்டுத்துறையிலேயே முடித்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், அதனால் சமைத்ததும் சிலிண்டர் வால்வையே மூட வேண்டும். கடல்நீர் வால்வுகள் எங்கே என்று தரைப்பலகையைத் தூக்கிக் காட்டுங்கள், ஒவ்வொன்றிலும் மரக்கட்டை அடைப்பான் கட்டியிருக்க வேண்டும். வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பலன் இல்லை. வாந்தி எடுக்க ஓரத்துக்குப் போகிறவரும் கொக்கி மாட்டித்தான் போக வேண்டும். பயப்படுவார்கள் என்கிறீர்கள், கையில் வேலை கொடுத்துப் பழக்கினால் பயம் குறைந்துதான் நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சுக்கான்:
சரி, ரேடியோ பக்கத்தில் ஒட்ட ஒரு அட்டை எழுதிவிட்டேன்: படகின் பெயர், எம்எம்எஸ்ஐ எண் (ரேடியோவில் படகின் அடையாள எண்), இருப்பிடம் எங்கே படிப்பது, எத்தனை பேர், என்ன ஆபத்து. அபாய அழைப்பான மேடே என்று மூன்று முறை சொல்வதில் தொடங்கி, அட்டையைப் பார்த்துத் தங்கை சத்தமாகப் படித்துப் பழகப் போகிறாள்.

நடுக்கடல்:
நல்லது. பழகும்போது மைக் பொத்தானை அழுத்த வேண்டாம், அபாயச் செய்தி அனுப்பும் சிவப்புப் பொத்தானின் மூடியைத் திறந்து காட்டினால் போதும். யாராவது தவறி அழுத்தி அபாயச் செய்தி போய்விட்டால், ரேடியோவை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே 16-ஆம் சேனலில் படகின் பெயர், எண் சொல்லி, தவறாகப் போய்விட்டது, ரத்து செய்கிறோம் என்று அறிவிக்க வேண்டும். இதையும் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.