துணி சுற்றிய உருண்டைக் குண்டு 50 கஜத்தில் ஏன் சிதறுகிறது? உதவி தேவை

யீஷூன்வாசி:
வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இங்கே சுடுகிற கதை இல்லை, சிங்கப்பூரில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. மச்சான் பென்சில்வேனியாவில் இருக்கிறார், லீவுக்குப் போனால் அவருடைய பழைய பாணி .50 காலிபர் ரைஃபிளை ரேஞ்சில் சுடுவோம், குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற வகை. 0.490 அங்குல ஈயக் குண்டு, கடையில் வெட்டி விற்கிற மெல்லிய துணி, 80 கிரெய்ன் கருமருந்து. முதலில் ஒட்டினாற்போல் விழும், அப்புறம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்துவிடுகிறது. குறி பார்க்கிற சைட்டைத் தட்டி நகர்த்து என்கிறார் மச்சான், எனக்கு அது சரியாகப் படவில்லை. டிசம்பரில் மறுபடி போகிறேன், இங்கிருந்து என்ன வாங்கிப் போகலாம்?

ஜூரோங் அண்ணன்:
சைட்டைத் தொடாதீங்க தம்பி. எல்லாம் ஒரே பக்கம் போனால்தான் சைட்டில் கோளாறு, சிதறினால் வேறு எங்கோ. சுட்ட துணி சில கஜம் தள்ளி முன்னாலேயே விழுந்து கிடக்குமே, யாராவது பொறுக்கிப் பார்த்தீங்களா? ரைஃபிளிங், அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளம், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று?

யீஷூன்வாசி:
48 அங்குலத்துக்கு ஒன்று. துணியை மச்சான் பொறுக்கிப் படம் அனுப்பினார், குண்டு உட்காருகிற இடத்தில் கருகி ஓட்டை, ஓரமெல்லாம் பிசிறு.

ஜூரோங் அண்ணன்:
48 போதும், உருண்டைக் குண்டுக்குச் சரிதான். 28 என்றால் அது நீள குண்டுக்கான குழல், மருந்தைக் குறைத்துத்தான் சமாளிக்கணும்.

விடை அந்தத் துணியிலேயே இருக்கு. குழல் 0.500, குண்டு 0.490, ஆக ஒரு பக்கத்துக்கு 0.005 அங்குலம்தான் இடைவெளி, ஆனால் பள்ளங்களையும் துணிதான் அடைக்கணும். மெல்லிய துணி அடைக்காது, சூட்டுவாயு பக்கவாட்டில் பீறிக்கொண்டு துணியை எரித்துவிடும், குண்டு சுழற்சி சரியாகப் பிடிக்காமல் போகும். 0.015 முதல் 0.018 வரை தடிமன் உள்ள மெத்தை உறைத் துணி போட்டுப் பாருங்க. கருகாமல் கத்தியால் கீறியதுபோல் வெட்டு இருந்தால் வேறு நோய், குழல் வாயோ ரைஃபிளிங் விளிம்போ கூர்மையாக இருக்கு, மெல்லிய எமரி தாளால் வாயை மழுங்கத் தேய்க்கணும்.

முதலில் நன்றாக விழுந்து அப்புறம் கெடுவதற்குக் கரி படிவதும் ஒரு காரணம். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஈரத்துணி ஒரு தடவை, காய்ந்த துணி ஒரு தடவை விட்டு எடுங்க. மருந்தை 60 கிரெய்னுக்கு இறக்கி ஐந்து ஐந்தாக ஏற்றுங்க. 80 போட்டால் புகையும் சத்தமும் கூடும், குறி கூடாது.

செங்காங் சுபா:
துப்பாக்கி பற்றித் தெரியாது, துணி தெரியும். தேக்காவிலோ அராப் ஸ்திரீட்டிலோ கடைக்காரர் காட்டன் என்று சொன்னதை அப்படியே நம்பாதீங்க, நிறைய கலப்படம். ஒரு நூலை உருவிக் கொளுத்துங்க: சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி, உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், வெந்நீரில் அலசிவிட்டு எடுத்துப் போங்க.

யீஷூன்வாசி:
நன்றி அக்கா. துணியில் தேங்காய் எண்ணெய் தடவலாமா? வீட்டில் இருக்கு.

ஜூரோங் அண்ணன்:
24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அங்கே டிசம்பரில் கல்லுதான்! ஆலிவ் எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிக் கலந்து தடவுங்க. வண்டிக்குப் போடுகிற கிரீஸ் வேண்டாம், கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் முக்கியமானது. தடிமனான துணி இறங்கக் கஷ்டப்படும், பாதியில் நின்றதைக் கவனிக்காமல் சுடாதீங்க. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். திணிக்கிற கம்பியில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்க, குண்டு முழுசாக இறங்கியதா என்று பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று, குண்டையோ சுட்ட துணியையோ ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வராதீங்க. விமான நிலையத்தில் வெடிமருந்துத் துகள் சோதனையில் மாட்டினால் அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் விமானம் போய்விடும்.

யீஷூன்வாசி:
சரி அண்ணே. கம்பியில் ஒரு கோடு போதுமா?

ஜூரோங் அண்ணன்:
இரண்டு. குழல் காலியாக இருக்கும்போது ஒன்று, மருந்தும் குண்டும் கெட்டித்த பிறகு ஒன்று. மருந்தின் அளவை மாற்றினால் இரண்டாவதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்க.