புதுப்பிப்பு: கடைசியில் கடை கம்ப்யூட்டருக்கு டெபியன்தான்

மதுரை சிம்மக்கல் பக்கம் நாங்கள் நடத்தும் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையின் கம்ப்யூட்டருக்கு, நிதானமாகவே புதுப்பதிப்பு விடும் டெபியன் என்ற லினக்ஸ் சிஸ்டத்தைப் போடுவதா, எப்போதும் புதுசாகவே இருக்கும் ரோலிங் ரிலீஸ் லினக்ஸா என்று முன்பு கேட்டிருந்தேன். "டெபியன் அரதப்பழசு" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். நானும் ரோலிங்கைப் போட்டேன்.

மூன்று வாரம் ஜோராக ஓடியது. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், காலையில் டீ வருவதற்குள் அப்டேட்டைத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான், பிரிண்டர் அசையவில்லை. பழைய டிரைவர் புது மென்பொருளோடு ஒத்துப்போகவில்லை. எதிரே முன்பணம் கொடுத்த திருமங்கலத்துக்காரர், "என்னண்ணே, மிஷின் தூங்குதா?" என்கிறார். பக்கத்துக் கடையில் கூலி கொடுத்து ஐந்நூறு பத்திரிகை அடித்தேன். லாபம் அதோடு போச்சு. சீசன் நேரத்தில் கை வைத்தது என் தப்புதான்.

இப்போது டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வந்தது, கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 6.12. பழசு என்றால் பாதுகாப்பில் ஓட்டை இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. பதிப்பு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் அதே பதிப்புக்குள் தைத்துத் தருகிறார்கள். எல்டிஎஸ் என்ற நீட்டித்த ஆதரவையும் சேர்த்து, இந்தத் திருத்தங்கள் மொத்தம் ஐந்து வருஷம் வரும். பிரிண்டரும் பேசுகிறது.

புதுசு வேண்டியது டிசைன் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருள் ஒன்றுக்குத்தான். அதை ஃபிளாட்பேக்கில் (மென்பொருளைத் தனிப் பொட்டலமாக நிறுவும் முறை) தனியாகப் போட்டுவிட்டேன், அடியில் இருக்கும் சிஸ்டத்தைத் தொடாது. வீட்டு லேப்டாப்பில் ரோலிங் அப்படியே இருக்கிறது, அங்கே உடைந்தால் திட்டுவதற்கு ஆளில்லை.