இரண்டு ஆண்களின் காதல், ஆறும் காயம்: நாவல்கள் சொல்லுங்கள்

வணக்கம். இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் சமகால நாவல்களைத் தேடுகிறேன். அவர்களில் ஒருவராவது உடற்குறையோடோ ஆறாத மனக்காயத்தோடோ வாழ்பவராக இருக்க வேண்டும்.

2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன் நான். இரவில் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கும் நேரத்தில், காதலன் ஒருவன் அருகில் இருப்பதாக எழுதிய ஒரு பக்கத்தையாவது படித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இல்லாத பாதம் வலிக்கிறது என்றால் நம்புகிற ஒருவன். முடிவில் எல்லாம் அற்புதமாகக் குணமாக வேண்டாம். இரக்கத்தால் வரும் காதலும் வேண்டாம். தயவுசெய்து, யாரும் சாகவும் வேண்டாம்.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ (1994) படித்துவிட்டேன். அது 1983 கலவரத்தோடு முடியும் சிறுவனின் கதை. நான் கேட்பது வளர்ந்தவர்களின் காதல்.

தமிழில் இருந்தால் பெருமகிழ்ச்சி. ஆங்கிலமும் மெதுவாகப் படிப்பேன். யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் வாய்விட்டுக் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. தபாலில் வரும் பொதியை அம்மாதான் பிரிப்பார். ஆகவே கைபேசியில் படிக்கக்கூடியது நல்லது. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் சொன்னாலே போதும்.